கிளாத்தியும் முத்தும்: மன்னார்ப் பார்களின் ஒரு பழைய வழக்கு

மன்னார்க் கடலைப் பற்றி எழுதப்பட்ட நூல்களையும் அறிக்கைகளையும் ஒரே மேசையில் அடுக்கினால் அவற்றில் முக்காற்பங்கு முத்தைப் பற்றியனவாகவே இருக்கும். பழைய கிரேக்க, உரோமக் குறிப்புகளில் தொடங்கி, 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தர், 1796இல் வந்த ஆங்கிலேயர் என எல்லோரும் இந்தக் கடலை முத்தின் வழியாகவே பார்த்தனர். அதே கடலில் அன்றாடம் பிடிக்கப்பட்டு, கரையோரக் குடும்பங்களின் உலையில் கொதித்த மீனைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர்.

இருந்தும், ஒரு மீன் மட்டும் முத்தின் வரலாற்றுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், மன்னார் முத்து பிறப்பதற்கே அந்த மீனும் ஒரு காரணம் என்று மதிப்புக்குரிய விலங்கியலாளர்கள் எழுதினர். பிறகு அந்தப் புகழ் பறிக்கப்பட்டது, மீனும் மறக்கப்பட்டது. அந்த மீனின் பெயர் கிளாத்தி. இந்தப் பழைய வழக்கை இன்று மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் போக்கில் வாசகர் உணர்வர் என்று நம்புகிறேன்.

துப்பாக்கி விசை கொண்ட மீன்

கிளாத்தி பாறையை அண்டி வாழும் மீன். பக்கவாட்டில் தட்டையான, உயரமான உடல். தோல் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். உரித்துவிட்டுத்தான் கறிக்கு வெட்டுவார்கள். கண்கள் தலையின் மேற்பகுதியில் பின்தள்ளி அமைந்திருக்க, வாய் மட்டும் முன்னால் நீண்டு சிறியதாக இருக்கும். அந்தச் சிறிய வாய்க்குள் இருப்பவை உளி போன்ற பற்கள். சிப்பி, நண்டு, முள் நிறைந்த கடல் முள்ளெலி என ஓடுள்ள எதையும் அவற்றால் உடைத்துத் தின்னும். தூண்டிற்காரருக்கு இது எளிய இரையன்று. இரையை மட்டும் கொத்திக்கொண்டு கொக்கியை விட்டுச் செல்வதில் தேர்ந்தது; கொக்கியில் மாட்டினாலும் பாறைப் பிளவை நோக்கிப் பாயும்.

பிளவுக்குள் புகுந்த கிளாத்தியை வெளியே இழுப்பது ஏன் கடினம் என்பதில்தான் அதன் ஆங்கிலப் பெயரின் காரணம் இருக்கிறது. அதன் முதல் முதுகுத் துடுப்பில் மூன்று முட்கள் உண்டு. முதல் முள் தடித்தது. அதை நிமிர்த்தியதும் இரண்டாவது முள் அதன் அடியில் பூட்டைப் போல விழுந்து பிடித்துக்கொள்ளும். முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாவது முள்ளை அழுத்தினாலோ துப்பாக்கியின் விசையை இழுத்தது போல முதல் முள் உடனே படிந்துவிடும். இவ்வாறு தன்னைப் பாறைக்குள் ஆப்பாக அடித்துக்கொண்டு பகைவரிடமிருந்து தப்புகிறது. முட்டையிடும் காலத்தில் மணலில் குழி பறித்துக் கூடு அமைக்கும். அந்தக் கூட்டைக் காக்கும் பெரிய வகைக் கிளாத்திகள் தம்மைவிடப் பல மடங்கு பெரிய சுழியோடிகளையும் விரட்டிக் கடிப்பதுண்டு.

மன்னார் வளைகுடாவில் இந்த மீனுக்கு உகந்த இடங்கள் பார்கள். கடலடியில் மணற்பரப்புக்கு நடுவே பரந்து கிடக்கும் பாறைத் திட்டையே நம் கடற்றொழிலாளர் பார் என்பர். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு நேரே, கரையிலிருந்து பல மைல் தொலைவில், பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்தில் அவை இருக்கின்றன. பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் ஊர்களைப் போலவே பெயர் உண்டு. ஆங்கில அதிகாரிகள் தங்கள் வரைபடங்களில் இப்பெயர்களை மாற்றாமல், 'பார்' என்ற தமிழ்ச் சொல்லுடனேயே எழுதிக்கொண்டனர். முத்துச் சிப்பி தன் நார்க்கற்றையால் பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். மணலில் விழுந்தால் மூடுண்டு மடியும். விளைமீனும் களவாயும் பாரையும் கிளாத்தியும் கூடுவதும் அங்கேதான்.

காணாமற்போன சிப்பிகள்

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த திருவிழா என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்பதை எவராலும் சொல்ல முடிந்ததில்லை. இலங்கைக் கரையில் 1768 முதல் 1796 வரை குளிப்பே நடக்கவில்லை. நீண்ட ஓய்வுக்குப் பின் பார்கள் நிறைந்திருந்த வேளையில் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தனர். 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து குளிப்பு நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். அந்த வருமானத்தின் மிடுக்கில்தான் ஆளுநர் பிரெடரிக் நோர்த் அரிப்புக் கரையில் தமக்கொரு மாளிகை எழுப்பினார். அதன் தூண்களின் பாணியை வைத்து ஆங்கிலேயர் அதை 'டோரிக்' என்றனர். கரையைக் கடல் அரித்துவர, இன்று எஞ்சியிருப்பவை இடிந்த சுவர்களே. ஊர்மக்கள் ஆளுநரை மறந்துவிட்டார்கள். அந்த இடிபாட்டை அல்லிராணிக் கோட்டை என்றே அழைக்கிறார்கள்.

பார்கள் ஒருசில ஆண்டுகள் நிறைந்திருப்பதும், பின்னர் காரணமின்றி வெறுமையாவதும் அரசாங்கத்தை வருத்தின. இக்காரணத்தை ஆராய 1857இல் அமர்த்தப்பட்டவர் இலங்கையிலேயே பிறந்த படை மருத்துவரும் இயற்கையியலாளருமான எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். முத்துச் சிப்பி ஒட்டிய இடத்திலேயே ஆயுள் முழுதும் கிடப்பதில்லை, தன் நார்க்கற்றையை உதறிவிட்டு நகர்ந்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ள வல்லது என்று அவர் காட்டினார். சிப்பியின் உடலில் புழுக்கள் இருப்பதைக் கண்டு, முத்து உருவாவதற்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டு என்றும் எழுதினார். ஆனால் அவர் 1860இல், இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலேயே இறந்துபோனார். ஆய்வு பாதியில் நின்றது.

அதன் பின்னும் பார்களின் போக்கு மாறவில்லை. 1891இல் ஒரு குளிப்பு நடந்தது. அடுத்து 1903 வரை எதுவும் இல்லை.

லிவர்பூல் பேராசிரியரின் கோட்பாடு

இந்த வறட்சிக்கு நடுவில், 1902 சனவரியில், லிவர்பூலின் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மன் இலங்கை வந்து இறங்கினார். உடன் வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்ணல். அரசாங்க நீராவிக் கப்பலில் பார் பாராகச் சென்று அடித்தளத்தை வாரி எடுத்து ஆராய்ந்தனர். ஹேர்ட்மன் சில மாதங்களில் திரும்பிவிட, ஹோர்ணல் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை இலண்டன் றோயல் சங்கம் ஐந்து பெருந்தொகுதிகளாக அந்த அறிக்கையை வெளியிட்டது. மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சு முதல் மீன் வரை பல உயிரினங்களுக்கு அதில் தனித்தனி அறிக்கைகள் உண்டு. கோட்பாடு எப்படிப் போனாலும் அந்தப் பட்டியல்களின் பயன் இன்றும் குறையவில்லை.

பார்கள் வெறுமையாவதற்கு ஹேர்ட்மன் கண்ட காரணங்கள் தெளிவானவை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் மணலை வாரி இளஞ்சிப்பிகள்மேல் போடுகிறது. பெரிய பார் பலமுறை சிப்பிக் குஞ்சுகளால் நிறைந்தும் அவை வளருமுன்னே அழிந்துபோவது இதனாலேயே. நெருக்கமும் ஒரு காரணம். பகை உயிர்கள் மற்றொன்று. அந்தப் பகைவர் வரிசையில் நத்தைகளோடும் நட்சத்திர மீன்களோடும் கிளாத்தியும் திருக்கையும் நின்றன.

ஆனால் சிப்பியை அறுத்து ஆராய்ந்தபோது அவர்கள் கண்ட இன்னொன்று வழக்கையே திருப்பிப் போட்டது. சிப்பியின் சதையில் நாடாப்புழுவின் முட்டைப்புழுக்கள் சிறு உருண்டைகளாகப் பொதிந்திருந்தன. அப்புழுவைச் சுற்றிச் சிப்பி சுரக்கும் சுண்ணப் படலமே முத்து என்று ஹேர்ட்மனும் ஹோர்ணலும் முடிவுசெய்தனர். நாடாப்புழு முதிர்ச்சியடைய வேறொரு விலங்கின் குடல் வேண்டும். எனவே அவர்கள் ஒரு சங்கிலியை வரைந்தனர்: சிப்பியைத் தின்னும் கிளாத்தியின் உடலுக்குள் புழு செல்கிறது, கிளாத்தியையும் சிப்பியையும் தின்னும் பெரிய திருக்கையின் குடலில் அது முதிர்ந்து முட்டையிடுகிறது, முட்டைகள் கடலில் கலந்து மீண்டும் சிப்பிக்குள் புகுகின்றன. 1904இல் அந்தப் புழுக்களுள் ஒன்றுக்கு 'யூனியோனிஃபாக்டர்' என்ற இலத்தீன் பெயரும் சூட்டப்பட்டது. முத்தை ஆக்குவது என்பது அதன் பொருள்.

இக்கோட்பாட்டின் விளைவை எண்ணிப் பாருங்கள். சிப்பியைக் காப்பதற்காகக் கிளாத்தியையும் திருக்கையையும் ஒழித்தால் சிப்பி பெருகும். ஆனால் அதற்குள் முத்து இராது. அரசாங்கக் கருவூலத்தின் பகைவன் என்று நிறுத்தப்பட்ட மீன், அதே கருவூலத்தின் ஊற்றுக்கண்ணாக மாறிவிட்டது!

எண்பது மில்லியன் சிப்பிகள்

அறிவியலார் புழுவைத் தேடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் பார்கள் மீண்டும் நிறைந்தன. 1903இலும் 1904இலும் குளிப்புகள் நடந்தன. 1905இன் குளிப்பு வரலாறு காணாதது: ஏறத்தாழ எண்பது மில்லியன் சிப்பிகள், அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். சுழியோடிகளின் பங்கு எடுத்ததில் மூன்றில் ஒன்று; மீதி அரசாங்கத்துக்கு.

அந்தச் சுழியோடிகளில் யாழ்ப்பாணத்தவரும், தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை, காயல்பட்டின முஸ்லிம்களும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அரபிகளும் இருந்தனர். கல்லைக் காலில் கட்டி இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக அடியில் நின்று, கூடையை நிரப்பிக் கயிற்றை அசைப்பார்கள். இவர்கள் அஞ்சிய மீன் கிளாத்தி அன்று, சுறா. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர் கரையில் இருந்தாலன்றிப் பலர் படகேற மறுத்தனர். 'கடல்கட்டி' எனப்பட்ட அந்தத் தலைமுறைத் தொழிலாளருக்கு ஆங்கில அரசாங்கமே ஊதியம் கொடுத்துவந்தது. மந்திரத்தில் நம்பிக்கையற்ற அதிகாரிகள், வருமானத்தில் நம்பிக்கை வைத்து அந்தச் செலவுக்குக் கையொப்பம் இட்டனர்.

1906இல் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பின்போது அங்கே பணியாற்றிய இளம் அதிகாரிகளுள் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். வெறும் மணற்காட்டில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேருடன் ஒரு நகரம் எழுந்ததையும், அழுகவிடப்பட்ட சிப்பிகளின் நாற்றத்தையும் ஈக்களையும் அவர் பின்னாளில் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்தார்.

அதே 1906இல் அரசாங்கம் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் கும்பனியிடம் விட்டது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1905இன் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது மலிவான பேரமாகத் தோன்றியது. 1907க்குப் பிறகு பார்கள் மீண்டும் வெறுமையாயின. நிறைந்த பார் எத்தனை ஆண்டு நிறைந்திருக்கும் என்பதற்கு எவரும் உறுதி தந்திருக்கவில்லை. 1912இல் கும்பனி கலைக்கப்படும் நிலைக்கு வந்தது.

ஏமாற்றிய புழு

அதே 1912இல் கோட்பாடும் சரிந்தது. எச். லிஸ்டர் ஜேம்ஸன் என்ற ஆய்வாளர் இலங்கை முத்துகளை மெல்லிய தகடுகளாக அறுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். முத்தின் நடுவில் இருக்கவேண்டிய புழுவை அவர் காணவில்லை. உடைந்த ஓட்டைச் சீர்செய்யச் சிப்பி சுரக்கும் பொருளை ஒத்த ஒன்றே பெரும்பாலும் இருந்தது. சிப்பியின் சதையில் நாடாப்புழு இருப்பது உண்மை. அது திருக்கைக்குச் செல்வதும் உண்மை. முத்து மட்டும் அதன் வேலை அன்று. அப்புழுக்களுள் ஒன்றுக்கு ஜேம்ஸன் இட்ட இலத்தீன் பெயர் 'லூடிஃபிகன்ஸ்'. ஏமாற்றுவது, ஏய்ப்புக் காட்டுவது என்று பொருள். 1904இன் பெயருக்கு 1912 அளித்த மறுமொழியாகவே அதை நான் வாசிக்கிறேன்.

இன்று நாம் அறிந்தது இது. சிப்பியின் ஓட்டைச் சுரப்பது அதன் ஓரச் சதை மடிப்பின் புறத்தோல். காயத்தாலோ பிற இடையூறாலோ அதன் சில உயிரணுக்கள் உட்சதைக்குள் தள்ளப்பட்டால், அவை அங்கே ஒரு பையாக வளர்ந்து, ஓட்டுக்குச் சுரக்க வேண்டியதை அந்தப் பைக்குள் சுரக்கின்றன. அதுவே முத்து. இதைப் புரிந்துகொண்ட ஜப்பானியர், ஓட்டுமணி ஒன்றையும் சதைத் துண்டொன்றையும் சிப்பிக்குள் வைத்து முத்தை வளர்த்தனர். அந்த வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்த பின், மன்னாரின் முத்து தன் தனியரசை இழந்தது. இலங்கைக் கரையின் பெருங்குளிப்பு மரபும் 1925உடன் ஏறத்தாழ முடிவுற்றது. வளைகுடாவின் மறுகரையில், 1973இல், தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் கே. அழகர்சாமி, மன்னார் வளைகுடாச் சிப்பியிலேயே முத்து வளர்த்துக் காட்டினார். அத்தகைய பண்ணைகளிலும் சிப்பிகளைக் கூண்டில் அடைத்தே வளர்க்க வேண்டியிருக்கிறது. காரணங்களுள் ஒன்று கிளாத்தி!

பார் என்பது யாருடைய வீடு

வழக்கு இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் ஹேர்ட்மனின் கோட்பாட்டில் பிழைபட்டுப்போன விடைக்கு அடியில் ஒரு சரியான பார்வை இருந்தது. சிப்பியைத் தனியே எடுத்து விளங்கிக்கொள்ள முடியாது. அதைத் தின்னும் மீனையும், அந்த மீனைத் தின்னும் திருக்கையையும், இவற்றுக்குள் ஊர்ந்து திரியும் புழுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதே அது. கென்யக் கரையின் பவளப் பாறைகளில் பிற்காலத்தில் நடந்த ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. அங்கே கிளாத்திகளை மிகுதியாகப் பிடித்துவிட்ட இடங்களில் அவற்றின் இரையான கடல் முள்ளெலிகள் கட்டுக்கடங்காது பெருகிப் பாறையையே அரித்தன. பகைவன் என்று எண்ணப்பட்ட மீன் காவற்காரனாகவும் இருந்திருக்கிறது.

பாரைப் பண்டசாலையாகப் பார்த்தவர்கள் வந்தார்கள், வேண்டியதை அள்ளினார்கள், போனார்கள். அதை வீடாக அறிந்தவர்கள் கரையில் இருந்தார்கள். தூரத்து மரத்தையும் கோயிற் கோபுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத பாருக்கு நேர் மேலே தோணியை நிறுத்தும் அறிவு எந்தத் தொகுதியிலும் அச்சேறவில்லை. போர்க்காலத்தில் நான் பணியாற்றிய செய்தி மேசைக்கு மன்னாரிலிருந்து வந்தவை இடப்பெயர்வும் இறப்பும் கடல் தடையும் பற்றிய செய்திகளே. கடலுக்குப் போகாமலே ஒரு தலைமுறை வளர்ந்தால் அந்த அறிவு என்ன ஆகும் என்ற கேள்விக்கு எங்கள் பக்கங்களில் இடம் கிடைத்ததில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக்குச் சென்றன. மரிச்சுக்கட்டி, சிலாவத்துறைப் பகுதிகளும் வெறிச்சோடின. முத்துப் பார்களுக்கு நேரெதிரே, தலைமுறை தலைமுறையாக இக்கடலைப் படித்தவர்களின் ஊர்கள் அவை. 2009இல் போர் முடிந்தபின் பலர் திரும்பினர். திரும்பியவர்களைக் காடேறிய காணியும், தெற்கிலும் வடக்கிலும் வேறுவேறு வாழ்க்கைக்குப் பழகிவிட்ட பிள்ளைகளும் எதிர்கொண்டனர். இதைச் சொல்லாமல் மன்னார்க் கடலின் வரலாற்றைச் சொன்னால் அது முழுமையாகாது.

இப்போது கேள்வி பாரின் மீதே வந்து நிற்கிறது. இழுவைமடி அடித்தளத்தைச் சுரண்டிச் செல்வது. சிப்பி, பஞ்சு, பாசி, மீன் குஞ்சு என வேறுபாடு பார்க்காதது. சிப்பி ஒட்டுவதற்குரிய பரப்பையும் கிளாத்தி ஒளிவதற்குரிய பிளவையும் அது ஒருசேரக் குலைக்கிறது. வடபகுதித் தொழிலாளர் கடலிறங்கத் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் தமிழகத்து இழுவைப் படகுகள் எல்லை கடந்து இங்கே தொழில் செய்தன. போருக்குப் பின்னும் அது ஓயவில்லை. நம் பக்கத்தில் பேசாலை போன்ற இடங்களிலும் இழுவைப் படகுகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் அடித்தள இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கடலில் பிடிபட்டுச் சிறைக்குப் போகும் தமிழகத்துக் கூலித் தொழிலாளியும், வலை அறுபட்டுக் கடனோடு கரையேறும் மன்னார்த் தொழிலாளியும் ஒரே மொழியில்தான் அழுகிறார்கள். இருவருக்கும் கீழே கிடக்கும் பாருக்கோ மொழியில்லை.

பண்டசாலைப் பார்வையும் மறைந்துவிடவில்லை. 2011இல் மன்னார்ப் படுகையின் ஆழ்கடலில் துளையிட்ட நிறுவனம் இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. அவற்றுக்கு இட்ட பெயர்கள் 'டொராடோ', 'பராகுடா'. இரண்டும் தூண்டிற்காரர் விரும்பும் மீன்களின் பெயர்கள்! அந்த நிறுவனமும் சில ஆண்டுகளில் விலகிச் சென்றது. முத்தோ எரிவாயுவோ, மன்னார்க் கடலடியைத் தேடி வருபவர் ஒரே ஒரு பொருளைத் தேடித்தான் வருகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இதற்கு மாறான முயற்சிகளும் உண்டு. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இராமர் அணைத் திட்டுகள் 2015இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இவை பறவைக்கும் மணற்றிட்டுக்கும் கிடைத்த காப்பு. அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் நேரே கிடக்கும் பார்களுக்கு அத்தகைய காப்பு வேண்டுமென்றால், அதை முத்தின் பெயரால் கேட்பதில் இனிப் பயனில்லை. அங்கே கருவூலத்துக்கு எதுவும் வரப்போவதில்லை. விளைமீனின் பெயரால், களவாயின் பெயரால், அவற்றைப் பிடித்து உண்பவரின் பெயரால் கேட்க வேண்டும்.

முத்தைப் பெற்றதாகப் புகழப்பட்டதையோ, சிப்பியை அழிப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதையோ கிளாத்தி அறியாது. அதற்கு வேண்டியது முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ள ஒரு பாறைப் பிளவு. அந்தப் பிளவு இருக்கும் வரை பார் இருக்கும். பார் இருக்கும் வரை, அதன் பெயரைச் சொல்லிக் கடலுக்குப் போக நம் கரையில் ஆளும் இருப்பார்கள்.